கல் வைக்க இறங்கியவள்

காலையில் கொல்லையில் இருக்கும் வெந்நீர் பாய்லருக்கு விறகு வைப்பது சுலோச்சனாவின் வேலை. சீகை விறகு நனைந்திருந்தால் புகைதான் வரும், தீ பிடிக்காது. அதனால் முதல் நாள் மாலையே நாலு கட்டைகளை எடுத்து வந்து சமையலறைச் சுவரோரம் சாத்தி வைத்துவிடுவாள். விடிந்ததும் பின்கதவைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாக ஒரு பார்வை. காட்டெருமை நின்றால் அது நகரும்வரை கதவு திறக்காது. எதுவும் இல்லையென்றால் போய்த் தீ மூட்டிவிட்டு, பாய்லர் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு, சேலைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டு செல்போனை எடுப்பாள். தண்ணீர் சுடுவதற்குள் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் வந்துவிடுவாள்.

அங்கே க்ரூகர் என்று ஒரு சரணாலயம். நம் ஊர் போல இடது பக்கம்தான் ஓட்டவேண்டும். வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு உள்ளே போகலாம். ராத்திரிக்கு வேலி போட்ட முகாம்கள் இருக்கின்றன. குடிசை வீடு மாதிரி அறை, அடுப்பு, ஃபிரிட்ஜ். அரிசி கொண்டுபோனால் நாமே வடித்துக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் அங்கே குளிர்காலம். புல் காய்ந்துவிடும், மிருகங்கள் தண்ணீரைத் தேடி வரும், நன்றாகத் தெரியும். பொழுது சாயும்போது கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு வருஷமாக, கொஞ்சம் கொஞ்சமாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற இங்கிலீஷில் அவள் தெரிந்து வைத்திருந்தாள்.

காட்டெருமை வாசலில் வந்து நிற்கிற ஊரில் இருந்துகொண்டு ஆப்பிரிக்கா எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது. அவளால் அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடிந்ததில்லை. பெருந்துறைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நீலகிரி மலையில் அருவங்காட்டுக்கு வந்த முதல் வருஷம், ஒரு கரடி சமையலறை ஓட்டைப் பிரித்து இறங்கி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துக் குடித்தது. அவளும் கணவரும் பக்கத்து அறையில் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அது நக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து மிருகம் என்றால் அவளுக்குச் சத்தம்தான், இல்லையென்றால் முதுகு. கதவைச் சாத்து, லைட்டை அணை, நாயைக் கட்டு. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆசையோடு பார்க்கிறதை, குடியிருக்கிறவர்கள் பார்ப்பதே இல்லை. ஒரு யானையையோ ஒரு சிங்கத்தையோ, போதும் என்று தனக்கே தோன்றும்வரை உட்கார்ந்து பார்க்கவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கூட்டத்தோடு போகிற டூர் அவளுக்கு ஆகாது. காஷ்மீருக்கு ஒருமுறை அப்படிப் போனார்கள். விசில் வைத்திருந்த பையன் ஒருவன், பனியைத் தொட்டுப் பார்ப்பதற்குள் பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டான். சிங்கத்தின் முன்னால் எவனாவது விசில் ஊதினால் தன்னால் தாங்க முடியாது என்றாள்.

அவள் கணவர் சண்முகசுந்தரம் முதலில் சிரித்தார். பிறகு, ஓய்வு பெற்று ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்த பிற்பாடு, அவருக்கே அதில் பிடிப்பு வந்துவிட்டது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். உள்ளே போகிறவர்களின் பையைத் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா, செல்போன் இருக்கிறதா என்று பார்த்தே காலத்தைக் கழித்தவர். வீட்டிலும் அதே கண். கேஸ் மூடியிருக்கிறதா, தாழ்ப்பாள் விழுந்திருக்கிறதா என்று படுக்கப் போகுமுன் ஒரு சுற்று வருவார். இறங்கக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று இத்தனை கூடாதுகள் உள்ள ஒரு காடு உலகத்தில் இருப்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நான்தான் டிரைவர், நீ வழி சொல்கிறவள் என்று அவராகவே வேலையைப் பிரித்தார்.

வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே எல்லாம் அவர் எடுக்கவேண்டிய வெளிநாட்டு ஓட்டுநர் அனுமதியில் வந்து நின்றது. அதற்கு ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகவேண்டும், டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். அடுத்த வாரம் என்றார். மழை விடட்டும் என்றார். பிறகு ஆடி கழியட்டும் என்றார். இதையெல்லாம் அவள் சோம்பல் என்று நினைத்தாள். ஒரு நாள் குன்னூரிலிருந்து வந்தவர் ஒரு காலில் செருப்போடு சமையலறைவரை நடந்து வந்தார். இன்னொன்று வாசற்படியில் கழன்று கிடந்தது. ஞாபகமறதி என்று அவள் கேலி செய்தாள். அவரும் சிரித்தார்.

ஒத்திகை பார்க்கலாம் என்று சொன்னது அவர்தான். ஒரு நாள் முழுக்க, க்ரூகரில் எப்படியோ அப்படி. காலையில் காரில் ஏறினால் அவலாஞ்சி போய்த் திரும்பி வரும்வரை இறங்கக் கூடாது. எமரால்டு டீக்கடை மட்டும் முகாம், அங்கே இறங்கலாம். கண்ணாடி ஏற்றியே இருக்கவேண்டும். சாப்பாடு வண்டிக்குள்தான். இத்தனை சட்டமும் போட்டுவிட்டு, நீ தாங்குவியா என்று அவளிடம் கேட்டார்.

புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டாள். பனி விலகுமுன் கிளம்பினார்கள். கேத்தி, லவ்டேல் தாண்டி இத்தலார் பக்கம் வரும்போது வெயில் வந்திருந்தது. அவளுக்குக் குதூகலமாக இருந்தது. கேரட் தோட்டத்தில் நின்ற மாட்டைக் காட்டி, வரிக்குதிரை போகுதுங்க, மெதுவாப் போங்க என்றாள். எதிரே வந்த பால் வண்டியைக் காண்டாமிருகம் என்றார் அவர். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

இத்தலாரைத் தாண்டி ஏற்றத்தில் ஒரு திருப்பம். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் காட்டெருமைகள். நாலைந்து பசுக்கள், ஒரு கன்று. சாலையோரம், செடி மறைவில், வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்களோடு ஒரு பெரிய கடா. சண்முகசுந்தரம் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

மலையில் வண்டி வைத்திருக்கிறவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஹேண்ட் பிரேக்கை எவரும் முழுதாக நம்புவதில்லை. சரிவில் நிறுத்தினால் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார். வைத்தாச்சு என்று குரல் வரும்வரை ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பார். ஸ்கூட்டர் போய்ப் பழைய கார் வந்து, பழைய கார் போய் இந்த ஆல்டோ வந்தபோதும் கல் வைக்கிறவள் சுலோச்சனாதான். கல் அவள் காலடியில் சாக்குக்குள் இருக்கும். எஞ்சின் நிற்கிற சத்தம் கேட்டதும் கை சாக்குக்குப் போகும், மறு கை கதவைத் திறக்கும். இதை அவள் யோசித்துச் செய்வதில்லை.

அன்றைக்கும் யோசிக்கவில்லை. இறங்கி, பின்னால் போய், குனிந்து கல்லை வைத்து நிமிர்ந்தபோதுதான் கடா அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். இரண்டு வண்டி தூரம்கூட இருக்காது. அதன் மூக்கிலிருந்து ஆவி வந்தது. வைத்தாச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது கார் அவள் முழங்காலைத் தொட்டது. பின்னோக்கி நகர்ந்து வந்து, சக்கரம் கல்லின்மேல் பாதி ஏறி நின்றது.

அவள் வண்டியை ஒட்டியபடியே நகர்ந்து முன்கதவுக்கு வந்தாள். ஏறுமுன் உள்ளே பார்த்தாள். சண்முகசுந்தரம் கடாவையே பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். தொடை இறுகியிருந்தது. முழு பலத்தோடு அவர் மிதித்தது பிரேக்கை அல்ல. அதற்குப் பக்கத்தில், தரையில் விரித்திருந்த ரப்பர் பாயை.

அவள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு அவரும் குனிந்து பார்த்தார். கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்குவது போலக் காலை எடுத்துப் பிரேக்கில் வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கடா ஒரு தடவை சீறிவிட்டுச் செடிகளுக்குள் இறங்கிப் போனது. அதை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை.

"எறங்கிட்டியே புள்ள" என்றார் அவர். "அத்தன சட்டம் பேசீட்டு எறங்கிட்டியே."

"கை பழகிருச்சுங்க" என்றாள் அவள்.

அவலாஞ்சிக்குப் போகவில்லை. வரும் வழியெல்லாம் ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னும் அவர் குனிந்து காலைப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு ஓட்டினார். புளிசாதத்தை வீட்டில் வந்து சாப்பிட்டார்கள்.

மாலையில் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் தீபலட்சுமிக்கு அவரே போன் போட்டார். சுலோச்சனா வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கல் கதை நன்றாகவே வந்தது. கடா இன்னும் பெரிதாகியிருந்தது, அது இன்னும் கிட்டே வந்திருந்தது. கார் நகர்ந்தது மட்டும் கதையில் இல்லை. உன் அம்மா க்ரூகரில் சிங்கத்துக்கு முன்னால் கல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள், எனக்கு எதற்கு இந்தப் பாவம், பயணமே வேண்டாம் என்று முடித்தார். அந்தப் பக்கம் தீபலட்சுமி சிரிக்கிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. நல்லதாய்ப் போயிற்று, வேண்டுமென்றால் டூர் கம்பெனியோடு போங்கள், அவர்களே ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள் என்றாள். அம்மாவிடம் கொடுங்கள் என்று கேட்டு, ஏம்மா இப்படி என்று அன்பாகத்தான் கடிந்துகொண்டாள்.

கார் நகர்ந்ததைச் சுலோச்சனா சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வேலையில் இருந்தபோது நடந்த ஒன்று அவளுக்குத் தெரியும். செல்லதுரை என்று ஒருவருக்கு வலிப்பு இருந்தது. மறைத்து வேலை செய்துகொண்டிருந்தார். சண்முகசுந்தரம்தான் கண்டுபிடித்து மேலே சொன்னார். சொன்னது சரிதான், அங்கே ஒரு கை நடுங்கினால் எத்தனையோ உயிர். செல்லதுரையைத் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். புல் வெட்டிக்கொண்டு நின்றவர், இவர் கடந்து போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வார். அதை வீட்டில் வந்து சொல்லி அவர் வருத்தப்பட்ட அளவு வேறு எதற்கும் வருத்தப்பட்டதில்லை. இப்போது தன்னைப் பற்றித் தானே மேலே சொல்லவேண்டிய முறை அவருக்கு. அது முடியாமல்தான் மனுஷன் கல் கதையைப் பிடித்துக்கொண்டார் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததற்காகக் கோபம் வராமல் இல்லை. அன்று வெங்காயத்தை ரொம்பப் பொடியாக நறுக்கினாள்.

கதை பரவிற்று. அவருடைய பழைய சிநேகிதர்கள் வழியாகப் பரவி, அவர்கள் வீட்டுப் பெண்கள் வழியாக மார்க்கெட்டுக்கு வந்தது. குன்னூரில் காய் வாங்கும்போது தெரிந்த பெண் ஒருத்தி, சிங்கத்துக்கு இந்தச் சைஸ் கல் போதுமா என்று முள்ளங்கியைத் தூக்கிக் காட்டினாள். சுலோச்சனா, அதுக்கு இன்னும் கொஞ்சம் பெருசா வேணும் என்று சொல்லிவிட்டுப் பீன்ஸ் பொறுக்கினாள்.

சண்முகசுந்தரம் காரை எடுப்பதைக் குறைத்தார். பஸ்தான் சவுகரியம் என்றார். ஒரு நாள் தனியாக டாக்டரிடம் போய்விட்டு வந்தார். சர்க்கரை இருக்கிறவர்களுக்குப் பாதம் கொஞ்சம் மரமரப்பாகத்தான் இருக்குமாம், வயசாச்சில்ல என்றார். மாத்திரை தந்திருக்கிறார்களா என்று கேட்டாள். தந்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டீவியின் சத்தத்தை ஏற்றினார்.

அடுத்த வாரம் அவள் வெலிங்டனில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஒளித்துச் செய்யவில்லை. வண்டி பழகப் போறேனுங்க என்று சொல்லிவிட்டே போனாள். எதற்கு என்றார். கார் சும்மா நின்றால் பேட்டரி போய்விடும் என்றாள். அது உண்மைதான் என்பதால் அவரால் மேலே பேச முடியவில்லை.

சொல்லிக்கொடுத்தவள் கெஸியா என்ற பெண், மகள் வயது. ராணுவக் குடியிருப்பிலிருந்து வரும் இளம் மனைவிகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகியவள். ஐம்பத்தேழு வயதில் வந்து நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதில்தான் சுலோச்சனா திரும்பத் திரும்பத் தோற்றாள். வண்டி கொஞ்சம் பின்னால் சரிந்தாலும் கை தானாகக் கதவுக்குப் போய்விடும்.

"ஆன்ட்டி, கதவை எதுக்குத் தொறக்கறீங்க? நீங்கதான் டிரைவர்."

"தெரியாம போயிருது கண்ணு."

"இறங்கி ஓடிட்டா வண்டி யாரைப் பாத்து நிக்கும்? கிளட்ச்சைப் பாதி விடுங்க. வண்டி முக்கும். அந்த முக்கலைக் கேளுங்க, அப்புறம் பிரேக்கை விடுங்க."

முக்கலைக் கேட்க அவளுக்கு மாதங்கள் பிடித்தன. கேட்டுவிட்ட பிறகு மறக்கவில்லை. முதல் தடவை டெஸ்டில் பயத்தில் இண்டிகேட்டர் போட மறந்து தோற்றாள். இரண்டாம் தடவை வாங்கினாள். லைசன்ஸ் வந்த அன்று சண்முகசுந்தரம் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, போட்டோவில் முறைத்துக்கொண்டு இருக்கிறாய் என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்று மாலை அவராகவே போய்க் காரின் டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்.

ஆனால் அவள் ஓட்டும்போது அவர் ஏறவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிறேன், வருகிறீர்களா என்றால் முழங்கால் வலி, இல்லையென்றால் யாரோ வருகிறார்கள். ஜெகதளாவில் கல்யாணம் என்றபோது அவர் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார். அவள் காரில் போய் மண்டப வாசலில் இறங்கினாள். திரும்பும்போதும் அவர் எவருடைய வண்டியிலோ ஏறி வந்தார். ஒரே வீட்டுக்கு இரண்டு பேரும் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள்.

வாடகைக் கார் கொடுக்கிறவர்கள், லைசன்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கவேண்டும் என்று கேட்கிறார்கள் என்பதைப் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டாள். அந்த வருஷம் கழிவதற்கும் அடுத்த காய்ந்த பருவம் வருவதற்கும் சரியாக இருக்கும். முகாம்களுக்கு முன்பதிவு திறந்துவிட்டது. நல்ல முகாம்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். இனித் தள்ளமுடியாது.

அன்று சாயங்காலம் மழை. சண்முகசுந்தரம் சாப்பாட்டு மேஜையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். டீவியை அணைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு பேசோணும்."

அவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு இத்தலார்ல கல்லு இல்லீன்னா வண்டி என்ற மேல ஏறியிருக்குமுங்க. உங்க காலு பிரேக்ல இல்லீங்க. நான் பாத்தேன்."

மழைச் சத்தம் தகரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பேப்பரின் ஓரத்தை மடித்தார், மறுபடி நிமிர்த்தினார்.

"தீபாகிட்டச் சொல்லலீங்க. இனியும் சொல்ல மாட்டேன். கல்லுக் கதைய அவ எத்தன தடவ சொல்லிச் சிரிச்சாலும் சரீங்க, சிரிக்கட்டும். ஆனா நான் எறங்குனதால ட்ரிப்பு நின்னு போச்சுன்னு இனி நீங்க என்ற காது கேக்கச் சொல்லக் கூடாது."

அவர் தலையை ஆட்டினாரா, குனிந்தாரா என்று தெரியவில்லை.

அவள் தன் யோசனையைச் சொன்னாள். வண்டியை அவள் ஓட்டுவாள். அங்கே கியர் இல்லாத கார் கிடைக்கும், இன்னும் சுலபம். வழி பார்க்கிறது, கேட் பூட்டுகிற நேரம் பார்க்கிறது, எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று சட்டம் பார்க்கிறது எல்லாம் அவர். அதில் அவரை விட்டால் ஆள் கிடையாது. சாயங்காலம் முகாமுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிப் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று அவள் பார்ப்பாள், டாக்டர் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வரவில்லையென்றாலும் போகப் போகிறாள். அதை மிரட்டலாக நினைத்துச் சொல்லவில்லை. கெஸியா துணைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் அவரோடு போகவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தது. இப்போதும் அதுதான் நினைப்பு.

"இன்னிக்கு முகாமுக்குப் பேரு போடோணுமுங்க. நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து வருவீங்களா?"

சண்முகசுந்தரம் மேஜைக்கு அடியில் தன் காலைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டார். பேப்பரை மறுபடியும் விரித்தார். ஆனால் கண் ஓடவில்லை, ஒரே இடத்தில் நின்றிருந்தது.

அவள் அவசரப்படுத்தவில்லை. தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்த அவருடைய தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியை மேஜைக்குள் தள்ளினாள். முன்பதிவு போடவேண்டிய செல்போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, விளக்கை அணைக்காமல், அறையை விட்டு வெளியே போனாள்.